இருபது நிமிஷ ராட்சசி

என் வீட்டு மாடியில் என்னை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கொல்கிறார்கள். இது எனக்குத் தெரிய வந்ததே தற்செயலாகத்தான். அதுவரை மேலேயிருந்து "செத்தா! செத்தா!" என்று சத்தம் வரும்போதெல்லாம் ஏதோ டிவி சீரியலில் மாமியார் சாகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரே மாமியார் தினமும் நாற்பது முறை எப்படிச் சாவாள் என்று நான் யோசிக்கவில்லை. சீரியலில் எதுவும் நடக்கும்.

நான் ரோசா. உப்பளத்தில் எங்கள் வீடு மூன்று போர்ஷன். கீழே முன்பக்கம் நான். பின்பக்கம் அஞ்சலாட்சி, இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கெல்லாம் விற்கிறவள். மாடியில் லூர்துபிரகாஷும் சுடர்விழியும் வாடகைக்கு எடுத்து வீடியோ கேம் கம்பெனி நடத்துகிறார்கள். அவன் படம் போடுகிறவன், அவள் கதை எழுதுகிறவள். இருவரும் புருஷன் பெண்டாட்டி இல்லை, காதலும் இல்லை. அதை நான் முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே கிணறு. மோட்டார் சுவிட்சை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவிக்கொத்தை நைட்டியில் ஊக்கு போட்டு மாட்டியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஐந்துக்கு ஒருமுறை, இருபது நிமிஷம் மோட்டார் ஓடும். கடிகாரமெல்லாம் பார்ப்பதில்லை. கிணற்றடியில் நின்று ஒரு ஜெபமாலை சொல்லி முடித்தால் சரியாக இருபது நிமிஷம். முடிந்ததும் "அவ்ளோதான்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைத்துவிடுவேன். மேல்தொட்டி சின்னது, எட்டரைக்குள் காலியாகிவிடும். அதற்குப் பிறகு யார் தலையில் நுரை இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

அன்றைக்குக் கூரியர்காரன் மாடிக்கு வந்த பார்சலை என் வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டான். எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவு திறந்திருந்தது. இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஓர் ஆறு, ஆற்றுக்குக் குறுக்கே இரும்புக் கதவு. கதவுக்கு முன்னால் கறுப்பு அங்கி போட்ட ஒருத்தி. தோளில் தங்க நிறத்தில் ஒரு துணி. இடது கன்னத்தில் மரு. நெஞ்சில் ஒரு சாவிக்கொத்து, ஊக்கு போட்டு மாட்டியிருந்தது.

அவள் எதையோ முணுமுணுத்தாள். பிறகு "அவ்ளோதான்!" என்று கத்தினாள். லூர்து பட்டனைத் தட்டினான். ஒரு வாலிபன் வாளை ஓங்கி அவளை இரண்டாகப் பிளந்தான்.

"செத்தா!" என்றான் லூர்து.

"யாரு செத்தா?" என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். லூர்து திரையை அணைப்பதாக நினைத்து ஃபேனை அணைத்தான். திரையில் என் பிணம் அப்படியே கிடந்தது. கால் கொஞ்சம் அகலமாக விரிந்திருந்தது வேறு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆன்ட்டி, அது வந்து... அது நீரடக்கி. எங்க கேம்ல வில்லி. ஊரு தண்ணிய அடக்கி வச்சிருக்கிற ராட்சசி," என்றாள் சுடர்விழி.

"என் நைட்டிய ஏன் அங்கியாக்கி வச்சிருக்கீங்க?"

"அது நைட்டி இல்ல ஆன்ட்டி."

"தோள்ல போட்டிருக்கிறது என் துண்டுதானே? காசித்துண்டு, செவப்பு பார்டர். தங்கம் பூசிட்டா எனக்குத் தெரியாதா?" லூர்துவின் பக்கம் திரும்பினேன். "ஏன்டா, நீ ஞானஸ்நானம் வாங்குனவன்தானே? உங்க அம்மா உன்ன மடியில வச்சிக்கிட்டு ஜெபமாலை சொன்னதே இல்லியா? கெணத்தடியில நான் முணுமுணுக்கிறது உனக்கு சூனியமாடா?"

அவன் முகம் செத்துவிட்டது. "தூரத்துலேர்ந்து பாத்தா அப்டிதான் இருந்திச்சி ஆன்ட்டி," என்றான்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அறுபத்திரண்டு வயதில் யார் நம்மைப் படம் வரைகிறார்கள்? கன்னத்து மருவைக்கூட விடாமல் கவனித்திருக்கிறான். எனக்கு உறுத்தியது வேறு விஷயம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி, அவ ஏன் தண்ணிய அடக்குறா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடர்விழிதான் சொன்னாள். அதே கேள்வியைத்தான் பெங்களூரிலும் கேட்டார்களாம். அங்கே ஒரு கம்பெனி இந்த விளையாட்டை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, சண்டை நன்றாக இருக்கிறது, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தப் பொம்பளை ஏன் இப்படிச் செய்கிறாள் என்றே புரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் சரியான காரணத்தோடு வந்தால் பேசலாம். இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை, மாடியில் கம்பெனியும் இல்லை.

"நெறைய காரணம் யோசிச்சோம் ஆன்ட்டி," என்றான் லூர்து. "மொதல்ல லவ் ஃபெயிலியர்."

"எவன் கூட?"

"ராஜா கூட. அவரு வேற ஒருத்திய கட்டிக்கிறாரு. அந்தக் கோவத்துல ஆத்த மூடிட்றா."

"அவன் எவளயோ கட்டிக்கிட்டதுக்கு ஊரு ஏன்டா குளிக்காம இருக்கணும்? வேற?"

"வயசாகக் கூடாதுன்னு ஆத்துத் தண்ணி பூரா அவளே குளிக்கிறா."

"சளி புடிச்சுக்கும். வேற?"

அவன் தயங்கினான். "கொழந்தை இல்லாத ஏக்கம்..."

"எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டு பேரும் பிரான்சுல குத்துக்கல்லாட்டம் இருக்கானுங்க. அப்பிடியும் நான் மோட்டார நிறுத்துறேன்ல?" எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்துவிட்டது. "உங்க கேம்ல வேற வில்லன் யாரும் இல்லியா? ஆம்பள?"

"இருக்கான் ஆன்ட்டி. வடக்குக் கோட்டையில ஒருத்தன்."

"அவன் ஏன் கெட்டவன்?"

"அவன் ஒலகத்த ஆளணும்னு நெனக்கிறான்."

"பெங்களூர்க்காரன் அவனுக்குக் காரணம் கேட்டானா?"

"கேக்கல," என்றாள் சுடர்விழி மெதுவாக.

"பாத்தியா. அவனுக்கு ஆசை ஒண்ணு போதும். எங்களுக்கு மட்டும் லவ்வு, அழகு, கொழந்தை, சக்களத்தி. சாவுறது எனக்குப் பரவால்ல. இந்த மாதிரி கேவலமான காரணத்துக்கு நான் சாவ மாட்டேன்."

எழுந்து கிளம்பினேன். வாசல் வரை சுடர்விழி கூடவே வந்தாள். பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்க்கிற பழக்கம் உண்டு.

"நீங்க ஏன் ஆன்ட்டி இருவது நிமிஷத்துல நிறுத்திட்றீங்க? எங்க ஊர்ல மோட்டார் போட்டா பொழுது சாயிற வரைக்கும் ஓடும்."

"என் கெணறு. என் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்தக் காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. கஞ்சப் பிசாசு என்று அஞ்சலாட்சி தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்குக் கிணற்றடியில் ஜெபமாலையோடு நிற்கும்போது மாடி ஜன்னலில் சுடர்விழி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபமாலையில் வருகிற மூன்றாவது தேவ ரகசியம் எனக்கு மறந்துபோய்விட்டது. அப்போதுதான் அந்தக் குறும்பு யோசனை வந்தது. ஜெபம் சொல்லும்போது வரக் கூடாத யோசனைதான்.

மறுநாள் கருவடிக்குப்பத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்கு மூட்டுவலி வைத்தியம் என்று சொல்லி பையைத் தூக்கினேன். ஆட்டோவில் கால் மணி நேரம். சாவிக்கொத்தைக் கழற்றிச் சுடர்விழி கையில் வைத்தேன்.

"ஞாயித்துக்கெழம வந்துடுவேன். காலைல இருவது நிமிஷம், சாயங்காலம் இருவது நிமிஷம். அதுக்கு மேல ஓட வுடாத."

அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அவளைவிடச் சந்தோஷம். அஞ்சலாட்சியின் வாயில் விழுந்து நாலு நாள் எழுந்து வரட்டும், அப்போது தெரியும் ராட்சசி எப்படி உருவாகிறாள் என்று. பழிவாங்கல்தான், மறுக்கவில்லை.

முதல் நாள் மாலை அஞ்சலாட்சியிடமிருந்து போன் வந்தது. அவள் எனக்குப் போன் செய்தால் ஏதாவது திட்டத்தான் செய்வாள். அன்று குரலில் தேன் வழிந்தது.

"ரோசாக்கா, நல்லா கேட்டுக்க. அந்த மாடிப் பொண்ணு ராசாத்தி. நானும் பதினோரு வருஷமா இந்த வூட்ல இருக்கேன், இன்னிக்குதான் பொடவ அத்தனையும் அலசிப் போட்டேன். வாசல் கழுவி வுட்டேன். கிரைண்டர் கழுவ எவ்ளோ தண்ணி வேணுமோ அவ்ளோ தண்ணி. காலையில போட்ட மோட்டாரு இன்னும் ஓடுது!"

மணி பார்த்தேன். நாலே முக்கால்.

சுடர்விழியைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"மோட்டார நிறுத்து. பெட்டிய பூட்டு. நான் வர்ற வரைக்கும் தொடாத."

"ஆன்ட்டி, அஞ்சலாட்சிக்கா பாவம், அவங்களுக்கு..."

"பூட்டுன்னு சொன்னேன்," என்று போனை வைத்துவிட்டேன்.

உடனே கிளம்பிப் போயிருக்கலாம். போய் என்ன செய்வது? ஓடிய தண்ணீரைத் திரும்ப ஊற்றவா முடியும்? தங்கை காபி கொடுத்தாள், குடிக்கவில்லை. இனி சொல்லித்தான் ஆக வேண்டும், நீங்களாவது கேளுங்கள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்த மாடியைக் கட்டினது நான்தான். என் வீட்டுக்காரர் மிக்கேல் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. தளம் போட்டதும் மேஸ்திரி தண்ணீர் விடச் சொன்னான். நான் மோட்டாரைப் போட்டேன். ஒரு நாள் இல்லை, பத்து நாள், காலை முதல் மாலை வரை. ஊற்று நிறைய இருக்கிறது என்ற திமிர். கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்பது ஞாபகமே இல்லை. நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறி வந்துவிட்டது. பதினோராம் நாள் சோற்றில் உப்பு போடாமலே உப்புக் கரித்தது.

எட்டு மாதம் கிணற்றில் நல்ல தண்ணீர் திரும்பவில்லை. தெருமுனைக் குழாயிலிருந்து சைக்கிளில் நாலு நாலு குடமாகக் கட்டிக்கொண்டு மிக்கேல்தான் தண்ணீர் கொண்டு வந்தார். அந்த எட்டு மாதத்தில் அவருக்கு முதுகு போயிற்று. பிறகு வேறு நோயில் போய்ச் சேரும்வரை நிமிர்ந்து நடக்கவே இல்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எல்லாம் உன்னாலதான்" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுது தீர்த்திருப்பேன். குடத்தை இறக்கி வைப்பார், துண்டால் முகத்தைத் துடைப்பார், அடுத்த நடைக்குப் போவார். அந்தச் செவப்பு பார்டர் துண்டுதான் இப்போது என் தோளில் இருப்பது. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

இரண்டாம் நாள் காலையிலேயே அஞ்சலாட்சி கூப்பிட்டாள். ராசாத்தி நேற்றோடு போய்விட்டாள்.

"ரோசாக்கா, தண்ணி உப்பு! ராத்திரி அரச்ச மாவு பூரா வாயில வெக்க முடியல. வாங்கிட்டுப் போன ஜனமெல்லாம் திரும்ப வந்து நிக்கிது. அந்தப் பிசாசு மோட்டார் பெட்டிய பூட்டிக்கிட்டு முன்னாடி நிக்கிது. ஏன்டி பூட்டுனேன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்குது!"

"திட்டுனியா?"

"நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்."

"பதிலுக்கு என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வண்டிய எடுத்துக்கினு போயி தெருமுனைக் குழாயில ரெண்டு கொடம் புடிச்சாந்து என் வாசப்படியில வச்சிட்டுப் போறா. திமிரு பாரேன்!"

பழிவாங்கிய சந்தோஷம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே அஞ்சலாட்சியின் குரல் கேட்டது. கிணற்றடியில் மோட்டார் பெட்டிக்கு முன்னால் சுடர்விழி நின்றிருந்தாள். சாவிக்கொத்தைச் சுரிதாரில் ஊக்கு போட்டு மாட்டியிருந்தாள். தோளில் ஒரு துண்டு, தண்ணீர் தூக்கினதில் நனைந்திருந்தது. முகம் கருங்கல். அஞ்சலாட்சி அவளுடைய ஏழு தலைமுறையையும் கிணற்றடிக்கு இழுத்து வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். சுடர்விழியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அழாமல் இருக்க ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிக்கொண்டிருந்தாளாம். தூரத்திலிருந்து பார்த்தால் சூனியம் மாதிரிதான் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அஞ்சலாட்சி, "வா ரோசாக்கா, உன்ன கோயில் கட்டிக் கும்புடலாம்!" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டு அவளை உள்ளே அனுப்பினேன்.

வாளியை விட்டு ஒரு வாய் தண்ணீர் இறைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இருந்தது. ஆனால் இறங்குமுகமாக இருந்தது. ஒரு நாள் ஓட்டம்தானே, இரண்டு மூன்று வாரம் கிணற்றைச் சும்மா விட்டால் சரியாகிவிடும். எனக்கு உயிர் வந்தது.

இந்தப் பெண் மன்னிப்புக் கேட்பாள், ஏன் என்று கேட்பாள், அப்போது நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் சாவிக்கொத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீங்க எந்த வருஷம் தொறந்து வுட்டீங்க ஆன்ட்டி?" என்றாள்.

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினாறு வருஷமாக நல்லவர்களும் கெட்டவர்களும் எத்தனையோ பேர் என்னிடம் ஏன் மூடுகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது திறந்தாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மாடி, மேஸ்திரி, சைக்கிள், குடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத எழுதலாமா ஆன்ட்டி?"

"கால மட்டும் நல்லா சேத்து வெச்சு வுழுற மாதிரி வரையச் சொல்லு," என்றேன்.

அடுத்த ஐந்து நாள் மாடியில் சத்தமே இல்லை. பெங்களூர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதை லூர்து மூன்று மூன்று படியாக இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடித்ததிலேயே தெரிந்துகொண்டேன். விட்டால் என்னைத் தூக்கியிருப்பான்.

இப்போது விளையாட்டு இப்படிப் போகிறது. வாலிபன் வருகிறான், நீரடக்கியைக் கொல்கிறான், சாவியை எடுத்து ஆற்றைத் திறக்கிறான். ஊரே மாலை போடுகிறது. மூன்றாம் நாள் ஒரு குழந்தை தண்ணீரைக் குடித்துவிட்டுத் துப்புகிறது. வயலெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. வாலிபன் ஓடிப்போய்க் கதவை மூடுகிறான். ஊர் கல்லெறிகிறது. வேறு வழியில்லாமல் அவனே சாவியை நெஞ்சில் மாட்டிக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்கிறான். தூரத்தில் வாளோடு இன்னொரு வாலிபன் வருகிறான். செத்தவளும் ஒரு காலத்தில் வாளோடு வந்து ஆற்றைத் திறந்துவிட்டவள்தான் என்பது அப்போதுதான் தெரிய வருகிறது. விளையாடுகிறவர்கள் ஆடிப்போகிறார்களாம்.

ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லாமலே சேர்த்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் குடம் சுமந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கிறான். நீரடக்கிக்கு முன்னால் குடத்தை இறக்கி வைக்கிறான், முகத்தைத் துடைக்கிறான், அடுத்த நடைக்குப் போகிறான். பேசுவதே இல்லை. லூர்துவுக்கு மிக்கேலைத் தெரியாது. ஆனால் முதுகைச் சரியாகப் போட்டிருந்தான்.

போன வாரம் விளையாட்டு வெளியானது. கிணறும் சரியாகிவிட்டது, அஞ்சலாட்சியும் பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். நேற்று மாலை சுடர்விழி போனோடு கீழே வந்தாள். விளையாடினவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். சண்டை கஷ்டம் என்று சிலர், பாட்டு நன்றாக இருக்கிறது என்று சிலர். ஒருவனுக்கு மட்டும் தாங்க முடியாத கோபம்.

"இத கேளுங்க ஆன்ட்டி. 'அந்தக் கொடக்காரன் மேலதான் எனக்குக் கடுப்பு. அவள ஒரு தடவயாச்சும் திட்டித் தொலைக்கக் கூடாதா? திட்டியிருந்தா அவ இவ்ளோ கல்லாயிருக்க மாட்டா.' இதுக்கு என்னா பதில் போடறதுன்னே தெரியல."

மணி ஐந்தாகிவிட்டது. நான் பெட்டியைத் திறந்து மோட்டாரைப் போட்டேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன்.

"'சரியா சொன்ன தம்பி, அதையேதான் நானும் பதினாறு வருஷமா சொல்றேன்'னு போடு."

"யாரு பேர்ல ஆன்ட்டி?"

"நீரடக்கி பேர்லதான். வேற யாரு பேர்ல?" என்றேன். "போய் குளிக்கிறதுன்னா குளி. இருவது நிமிஷம்தான்."